கொடிக்கம்பு வாங்குறதுக்கு முன்னாடி புள்ளைக உயரத்தையும் நம்ம ஊரு காத்தையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் உச்சிப்புளி பக்கத்துல தையல் கடை வச்சிருக்கேன். பள்ளிக்கூட யூனிபார்ம், ஆண்டு விழா டிரஸ்ஸு, கோயில் கொடின்னு எல்லாம் தைப்பேன். எந்தம்பி சிலம்பம் சொல்லிக்குடுக்குறவன். கொஞ்ச நாளா எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே விஷயமா ஆளுக வந்து கேக்குறாங்க, பள்ளிக்கூடத்துல பேண்டு செட்டோட சேத்து கலர் கார்டு டீம் ஆரம்பிக்கப் போறோம், கொடி சுத்தணும், மரத் துப்பாக்கி சுத்தணும், வாள் சுத்தணும், என்ன சாமான் வாங்குறதுன்னு. சில பேரு வாங்கிட்டு வந்து அப்புறமா கேக்குறாங்க, அதுதான் வயித்தெரிச்சல். அதனாலதான் இந்த லெட்டர் எழுதுறேன், ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்து பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் போட்டு பணம் ஒதுக்குறதுக்கு முன்னாடி நாலு பேரு படிச்சா நல்லது.

கலர் கார்டுங்கறது (கலர்னா கொடி, கார்டுன்னா காவல்) பட்டாளத்துல ரெஜிமென்ட் கொடியப் பாதுகாக்க நின்ன காவல் படையில இருந்து வந்தது, அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல மார்ச்சிங் பேண்டோட சேந்து அது ஆட்டமாவே வளந்துருச்சு. கொடி, ரைபிள், சேபர்னு சொல்ற வாள், இந்த மூணுதான் முக்கியமான சாமான். நம்ம புள்ளைக போன்ல பாக்குற வீடியோ பாதிக்கு மேல வின்டர் கார்டு இன்டர்நேஷனல்னு 1977ல ஆரம்பிச்ச அமைப்பு நடத்துற போட்டி, ஓஹியோ மாநிலத்துல டேட்டன்ங்கற ஊருல ஏப்ரல் மாசம் பைனல் வைப்பாங்க. அத நல்லா உத்துப் பாருங்க, அது அம்புட்டும் உள்ளரங்கம். மேல கூரை, கீழ வழுவழுன்னு பெரிய விரிப்பு, ஒரு பொட்டுக் காத்து கெடையாது. அங்க ஆறடிக் கம்புல பெரிய துணியக் கட்டி ஒரு பொண்ணு தூக்கிப் போட்டா அது நாலு சுத்து சுத்தி அதே கைக்கு வருது. அத வேதாளையில, மண்டபத்துல, பெரியபட்டினத்துல கடலுக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு இருக்குற கிரவுண்டுல போட்டுப் பாருங்க, கொடி அடுத்த தெருவுலதான் போயி விழும்.

நம்ம ஆளுக யோசிக்காத விஷயம் இதுதான் சார். நமக்கு இந்த டீம் நிக்க வேண்டிய நாளு முக்கியமா ரெண்டு, ஆகஸ்ட் 15, ஜனவரி 26. ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசியில வரும், மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து மண்ண வாரி மூஞ்சியில எறியுற நேரம். ஜனவரி 26 தை மாசம், அப்ப வாடைக் காத்து இன்னும் இருக்கும். ரெண்டு நாளும் காத்து, ரெண்டு தடவையும் வேற வேற தெசையில இருந்து. அப்ப சாமான் வாங்குறப்ப மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி கலரு என்ன, பளபளப்பு எப்படிங்கறது இல்ல, இந்தக் காத்துல இந்தப் புள்ளையால இத நிறுத்த முடியுமாங்கறதுதான்.

போன வருசம் ஒரு பள்ளிக்கூடத்துல, பேரு வேணாம், ஆன்லைன்ல செட்டா வாங்கிட்டாங்க, எல்லாம் ஆறடி அலுமினியக் கம்பு. கொடித் துணிக்கு ஓரம் பிரிஞ்சிருச்சுன்னு தைக்கிறதுக்கு என்னைய வரச் சொன்னாங்க. கிரவுண்டுல ஆறாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு நிக்குது, நாலரை அடிகூட இருக்காது. கம்ப நடுவுல புடிச்சு சுத்துனா கீழ் நுனி தரையில இடிக்குது, தரையில இடிக்கக் கூடாதுன்னு கைய மேல தூக்குனா தோள்பட்டை நடுங்குது, காத்து ஒரு அடி அடிச்சதும் கம்பு திரும்பி மேல் நுனி பக்கத்துப் பொண்ணோட காதுல பட்டுச்சு. அந்தப் புள்ளை அழுகல, ஆனா அடுத்த ரவுண்டுல இருந்து கொடியப் பாக்குறத விட்டுட்டு பக்கத்துப் பொண்ணோட கம்பத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பயந்துக்கிட்டு சுத்துனா சுத்து வராது. பி.டி. டீச்சர் என்கிட்ட "அக்கா, துணி கிழியாம தச்சுக் குடுங்க போதும்"னாங்க. நான் சொன்னேன், "டீச்சர், துணியில ஒண்ணும் இல்ல, கம்ப வெட்டுங்க." புதுக் கம்ப எப்படி வெட்டுறதுன்னு அவுகளுக்கு மனசு வரல.

அளவுக்கு வருவோம். கொடிக்கம்பு அமெரிக்காவுல பெரும்பாலும் அஞ்சு அடியில இருந்து ஆறடிக்குள்ளதான், அதுவும் ஆறடிங்கறது வளந்த பிள்ளைகளுக்கு. சிலம்பத்துல நம்ம ஆளுக கம்ப நேரா நிறுத்தி புள்ளையோட நெத்தி வரைக்கும் வருதான்னு பாத்துத்தான் குடுப்பாங்க. எந்தம்பி அதே கணக்கத்தான் கொடிக்கும் சொல்றான், நெத்திக்கு மேல போகாதேன்னு. சின்ன வகுப்புப் புள்ளைகளுக்கு நாலரை, மிஞ்சிப் போனா அஞ்சு, பிளஸ் டூ பசங்களுக்கு அஞ்சரை. ஆறடி வேணும்னா உயரமான பையனா பாத்து ரெண்டு பேருக்குக் குடுத்து ஓரத்துல நிறுத்துங்க, பாக்கவும் நல்லா இருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு இருந்தாதான் வரிசை அழகுன்னு ஒரு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு கம்பு அளவு தெரியாது சார், சுத்து ஒண்ணா இருக்கா இல்லையாங்கறதுதான் தெரியும்.

கம்பு என்னத்துல வாங்குறதுன்னா, பழகுறதுக்கு எலக்ட்ரிக் வேலைக்கு வாங்குற பிவிசி பைப்பே போதும். அதுல லைட், மீடியம், ஹெவின்னு மூணு தினுசு இருக்கு, லைட்ட தொடாதீங்க, சுத்துறப்ப வில்லு மாதிரி வளையும், காத்து அடிச்சா இன்னும் மோசம். ஹெவியில 25 மில்லிமீட்டர் வாங்குங்க, சின்னக் கையா இருந்தா 20. ஒரு லெங்க்து 3 மீட்டர் வரும், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் கம்மி, நடுவுல வெட்டுனா அஞ்சு அடிக்கு ஒட்டி ரெண்டு கம்பு, வீணாப் போறது ஒண்ணும் இல்ல. அலுமினியம் வெறைப்பா நிக்கும், சுத்து சுத்தமா வரும், உப்புக் காத்துல இரும்பு மாதிரி துருப்பிடிச்சு உதிராது, ஆனா நம்ம ஊரு பத்து மணி வெயில்ல வச்ச அலுமினியக் கம்ப வெறுங்கையில புடிச்சுப் பாருங்க தெரியும். அதவிட பெரிய ஆபத்து கரண்டு கம்பி. நம்ம பள்ளிக்கூட கிரவுண்டு பலதுல ஓரமா இல்லன்னா குறுக்கயே ஈபி லைன் போகுது, அலுமினியக் கம்ப தூக்கிப் போடுற ஆட்டம் அந்த இடத்துல நடக்கவே கூடாது. பிவிசியா இருந்தாலும் லைனுக்குக் கீழ நிக்க வேணாம், ஈரத்தோட கொடி போயி மாட்டுனா யாரு எடுக்குறது. கிரவுண்டுல எந்தப் பக்கம் நின்னு ஆடுறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கம்பே வாங்கணும்.

மூங்கில் வேணாம்னு எந்தம்பி அடிச்சுச் சொல்றான். மூங்கில் நெடுக்க பிளக்கும், பிளந்த இடத்துல சிராய் நிக்கும், சுத்துற கை அதும் மேலயே ஓடும். சிலம்பத்துக்கே புள்ளைகளுக்கு அவன் பிரம்புதான் குடுப்பான், பிரம்பு வளைஞ்சு குடுக்கும், பட்டுன்னு ஒடையாது. ஆனா கொடிக்கு பிரம்பு சரிப்படாது, துணியோட இழுப்புல வளைஞ்சுக்கிட்டே நிக்கும்.

அடுத்தது எடை. வெறும் பைப்புல மேல் நுனியில துணியக் கட்டுனா பாரம் எல்லாம் மேல போயிரும், நடுவுல புடிச்சா தலை கவுந்து வரும். அதுக்காகத்தான் அங்க கம்புக்குள்ள கீழ் நுனியில போல்ட்டு மாதிரி எடை வச்சு மூடி போடுறாங்க, அப்பத்தான் பாரம் நடுவுக்கு வரும். ரெண்டு நுனியிலயும் கொஞ்சம் எடை இருந்தா சுத்து ஆரம்பிக்கிறப்ப மெதுவா இருக்கும், ஆனா ஆரம்பிச்சுட்டா நிக்காது, காத்துக்கும் அசையாது. நம்ம கடற்கரையில எடைன்னதும் எல்லாருக்கும் வலைக்குக் கட்டுற ஈயமணிதான் ஞாபகம் வரும், ஒருத்தரு கொண்டாந்தே குடுத்துட்டாரு. தம்பி வேணாம்னுட்டான், சின்னப் புள்ளைக தொட்ட கையோட சாப்புடும், ஈயம் ஒடம்புக்கு ஆகாது. எஸ்எஸ்னு சொல்ற எவர்சில்வர் போல்ட்டு போடுங்க, துருப்பிடிக்காது. போல்ட்ட துணி டேப்புல சுத்தி பைப்புக்குள்ள இறுக்கமா எறக்கணும், மேல மூடி, மூடிக்கு மேல குறுக்க நெடுக்க டேப்பு. இத அரைகொறையா செஞ்சீங்கன்னா சுத்துற வேகத்துல போல்ட்டு கவண்கல்லு மாதிரி பறந்து வெளிய வரும், முன் வரிசையில கலெக்டர் உக்காந்திருந்தாலும் சரி. மாசம் ஒருக்கா எல்லாக் கம்பையும் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள லொடலொடன்னா அத தனியா எடுத்து வச்சிருங்க. அப்புறம் கம்ப ஒத்த விரல் மேல கெடத்தி எங்க நிக்குதுன்னு பாத்து, அந்த இடத்துல வேற கலர் டேப்பு ஒரு சுத்து. புள்ளை கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சாலும் கை அங்க போயி நிக்கும். நுனிக்கு கடையில ரப்பர் மூடி கெடைக்கலன்னா பழைய சைக்கிள் டியூப்ப வளையமா வெட்டி மாட்டுங்க, சிமெண்டுத் தரையில விழுந்தாலும் நுனி தெறிக்காது, ஆளு மேல பட்டாலும் காயம் கம்மி.

இனி துணி, இது என் வேலை, கொஞ்சம் விளாவாரியாவே சொல்றேன். அங்க சில்க்குன்னு பேரு சொல்லி விக்கிறது பட்டு இல்ல, மெல்லிசான பாலியஸ்டர். வழக்கமான அளவு 36 இஞ்சுக்கு 54 இஞ்சு, அதாவது மூணடிக்கு நாலரை அடி. நம்ம காத்துக்கு அது ரொம்ப ஜாஸ்தி. வள்ளத்துல போறவுக காத்து கூடுனா பாயச் சுருக்குவாங்கல்ல, அதே கணக்குதான், ஆடி மாசத்துக்கு ரெண்டடிக்கு மூணடி போதும், பெரிய துணிய ஹாலுக்குள்ள நடக்குற ஆண்டு விழாவுக்கு வச்சுக்கோங்க. ரெண்டு செட்டு தைக்க காசு எங்கன்னு கேப்பீங்க. ரெண்டு செட்டும் சேத்தே ஆன்லைன்ல வாங்குற ஒரு செட்டு விலைக்கு வராது, நான் தைக்கிறவ சொல்றேன்.

சாட்டின் வேணாம், பளபளப்பா இருக்கும், ஆனா கனம், வியர்வையும் கடல் ஈரமும் பட்டா இன்னும் கனம். பாராசூட் துணி ஈரம் ஏறாது, ஆனா வெறைப்பு, படபடன்னு சத்தம் போடும், பேண்டு சத்தத்தையே அமுக்கும். எனக்குப் புடிச்சது லைனிங்குக்குப் போடுற மெல்லிசு பாலியஸ்டர் கிரேப், சுத்துனா தண்ணி ஓடுற மாதிரி வரும், நின்னா தொங்கிரும். தைக்கிறதுக்கு பாலியஸ்டர் நூலு, காட்டன் நூலு உப்புலயும் வெயில்லயும் சீக்கிரம் இத்துப் போயிரும். கம்பு நுழையுற பக்கத்துல குழாய் மாதிரி மடிச்சுத் தைக்கணும், 25 மில்லிமீட்டர் பைப்புக்கு படுக்கையில ரெண்டு இஞ்சு அகலம் இருந்தா சரியா ஏறும், லூசா தச்சா துணி கம்பச் சுத்தி முறுக்கிக்கிட்டு கொடி கயிறாயிரும். அந்தக் குழாயோட மேல் வாய அடைச்சு ரெட்டைத் துணி வச்சுத் தைங்க, எல்லா அடியும் அங்கதான் விழுது. கீழ ஒரு நாடா வச்சு கம்போட சேத்து டேப்பு போட்டுட்டா துணி எறங்காது. காத்துல அடிக்கிற ஓரத்த சின்ன மடிப்பா ரெண்டு ஓட்டு ஓட்டுங்க, ஜரிகை, குஞ்சம், மணி எதுவும் வேணாம், மணி வச்ச கொடி கண்ணுல அடிச்சா யாரு பதில் சொல்றது. கலரப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, நம்ம ஊரு வெயில்ல வெள்ளையும் இளநீலமும் மண்ணோடயும் வானத்தோடயும் கரைஞ்சு போயிரும். மஞ்சளும் அரக்கும் கடைசி வரிசையில உக்காந்திருக்குற பாட்டிக்கும் தெரியும்.

தேசியக் கொடிய சுத்துறது பத்தி எல்லாரும் கேக்குறாங்க, சுதந்திர தினந்தானே, மூவர்ணத்தையே சுத்தலாமேன்னு. கூடவே கூடாது சார். 1971ல வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இருக்கு, 2002 கொடி விதித் தொகுப்பு இருக்கு, தேசியக் கொடி தரையில படக் கூடாது, தண்ணியில இழுபடக் கூடாது, யாருக்கும் தாழ்த்தி வணக்கம் வைக்கக் கூடாது. கலர் கார்டுல கொடி தரையத் தொடுறது, தாழுறது, தவறி விழுகுறது எல்லாம் ஆட்டத்துலயே உள்ளது. 2021 டிசம்பர்ல பாலியஸ்டர் துணியிலயும் தேசியக் கொடி செய்யலாம்னு விதிய மாத்துனாங்க, அது செய்யுற துணியப் பத்தித்தான், சுத்துறதுக்கு அனுமதி இல்ல. என்கிட்ட காவி வெள்ளை பச்சை மூணையும் சேத்து சக்கரம் மட்டும் இல்லாம தைங்கன்னு கேட்டாலும் நான் தைக்க மாட்டேன், தூரத்துல பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், புள்ளைக கையில எதுக்கு அந்த வம்பு. தேசியக் கொடி கம்பத்துல பறக்கட்டும், கீழ ஆடுற கொடி வேற கலர்ல ஆடட்டும்.

மரத் துப்பாக்கிக்கு வரேன். ஒரிஜினல்ல அது 36ல இருந்து 39 இஞ்சு வரைக்கும் நீளம் உள்ள கெட்டி மரம், சுடுறதுக்கு ஒண்ணும் கெடையாது, தூக்கிப் போட்டு புடிக்கிறதுக்கு மட்டும். நல்லா செஞ்சது எடையா இருக்கும், தப்பாப் புடிச்சா மணிக்கட்டு வீங்கும், தலையில விழுந்தா தையல்தான், நான் போடுற தையல் இல்ல. கடையில விக்கிற வெல மலிஞ்ச பலகை மாடல் ரெண்டு தடவை விழுந்தா பின்பக்கம் பிளந்து போகும். ஆனா எனக்கு இதுல வேற ஒரு சங்கடம் இருக்கு. பாம்பன் பக்கத்துல ஒரு அம்மா, வீட்டுக்காரரு வெசைப்படகுல போறவரு, நேராவே சொன்னாங்க, "எம்மவன் கையில துப்பாக்கி மாதிரி எதையும் குடுக்காதீங்க, அவுக அப்பா கடல்ல அதப் பாத்துட்டு வந்து ராத்திரி தூங்குறதில்ல." இதுக்கு என்ன பதில் சொல்றது? நம்ம கடற்கரையில இது விளையாட்டுச் சாமான் மட்டும் இல்ல. ஆட்டத்துக்கு துப்பாக்கியே வேணும்னு யாரும் சட்டம் போடல, மூணடிக் குறுந்தடி போதும். சிலம்பம் பழகுன புள்ளைகளுக்கு அது கைவந்த விஷயம். ஒரு பாதிய வெள்ளையும் மறுபாதிய சிவப்பும் பெயிண்டு அடிங்க, சுத்துறப்ப எத்தன சுத்துன்னு பாக்குறவன் எண்ணலாம், ஒத்தக் கலரா இருந்தா அந்த அழகு கண்ணுக்குத் தெரியாது. தூக்கிப் போட்டு புடிக்கிறத பஞ்சு மெத்தையோ மணலோ இருக்குற இடத்துல மொதல்ல பழக்குங்க.

வாள் விஷயத்துல நான் ஒரேயடியா வேணாம்னுதான் சொல்லுவேன். கலர் கார்டு சேபருக்கு கூர் கெடையாது, நுனியில ரப்பர் போட்டிருப்பாங்க. ஆனா இங்கிட்டு அத வாங்க முடியாம பட்டறையில தகரத்த வெட்டி வாள் செஞ்சு குடுக்குறாங்க, கூர் இல்லாட்டியும் அந்தத் தகரத்தோட ஓரமே கைய அறுக்கும். சுருள்வாள கூட்டத்துக்கு நடுவுல புள்ளைக கையில குடுக்குறவுகளப் பத்தி எந்தம்பி பேச ஆரம்பிச்சா இந்தப் பேப்பர் பத்தாது.

சின்னச் சின்ன செலவு மிச்சம் இருக்கு. புடிக்கிற இடத்துல கருப்பு இன்சுலேஷன் டேப்பு போடாதீங்க, வெயில்ல பசை உருகி கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், துணி டேப்பு நல்லது. விரல் வெளிய தெரியுற சைக்கிள் கிளவுஸ் கெடைச்சா வாங்குங்க, தோல் உரியாது. ஆட்டம் முடிஞ்சதும் உப்புக் காத்துல நின்ன துணிய நல்ல தண்ணியில அலசணும், நம்ம ஊருல குடிக்கவே காவிரித் தண்ணி எப்ப வரும்னு கொடத்த வரிசையில வச்சுட்டு நிக்கிறோம், இதுல கொடிக்கு எங்கன்னு கேப்பீங்க, ஒரு வாளி போதும், பத்துக் கொடி அலசலாம். கெணத்து உப்புத் தண்ணியில அலசுறதுக்கு அலசாமயே ஒதறிக் காயப்போடலாம். கம்ப செவுத்துல சாச்சு வைக்காதீங்க, பிவிசி ஒரு வெயில் காலத்துலயே வளைஞ்சுரும், படுக்க வைங்க.

கடைசியா பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கும் மேலாண்மைக் குழுவுல இருக்குற அப்பா அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ராமநாதபுரத்துக்கு பைப்பு வாங்கப் போறப்ப டீம்ல உள்ள குட்டையான புள்ளை ஒண்ணு, நெட்டையான புள்ளை ஒண்ணு ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க, கடை வாசல்லயே புடிச்சு சுத்திப் பாக்கட்டும், கடைக்காரரு கோவிச்சுக்கிட்டா அடுத்த கடை. மொதல்ல நாலு கம்பு மட்டும் வாங்கி, காத்து அடிக்கிற ஒரு சாயந்தரம் கிரவுண்டுல சுத்த விட்டுப் பாத்துட்டு, அப்புறம் மிச்சத்துக்கு ஆர்டர் குடுங்க. உங்க ஊருல சிலம்பம் சொல்லிக்குடுக்குற ஆசான் இருந்தா அவர அன்னைக்கு கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க, பில்லு போட்டதுக்கு அப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடியே.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
உச்சிப்புளி பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.